கோடை இயற்பியல் முகாமுக்குப் பிள்ளையை அனுப்புவதா? அமெரிக்காவுக்குப் புதிதாக வந்த பெற்றோருக்கு ஒரு வழிகாட்டி

பிள்ளை ஒன்பதாம் வகுப்பிலோ பத்தாம் வகுப்பிலோ படிக்கும்போது வேலை மாற்றலாகி அமெரிக்காவுக்கு வரும் குடும்பங்களுக்கு, இங்குள்ள கோடை விடுமுறையின் நீளமே புதிது. பள்ளி பத்து, பதினோரு வாரம் மூடியிருக்கும். அந்த விடுமுறையை எப்படிக் கழிப்பது என்று யோசிக்கும் முன்பே, "உங்கள் பையன் எந்த சம்மர் புரோகிராமுக்குப் போகிறான்?" என்று அலுவலகத்திலும் கோயிலிலும் கேட்கத் தொடங்கிவிடுவார்கள். பிள்ளைக்கு இயற்பியலில் நாட்டம் உண்டென்றால் நெருக்கடி இன்னும் கூடும்.

எங்கள் மகள் பதினோராம் வகுப்பில் இருந்தபோது இந்த முடிவை எடுக்க மிகவும் சிரமப்பட்டோம். தகவல் ஓரிடத்தில் கிடைக்கவில்லை. கடைசித் தேதிகள் ஒன்றோடொன்று மோதின. எச்-4 விசாவில் (வேலை விசாவில் வந்தவரின் குடும்பத்தினருக்கான விசா) இருக்கும் பிள்ளைக்கு எது பொருந்தும் என்று உறுதியாகச் சொல்ல ஆள் கிடைக்கவில்லை. அந்த அலைச்சல் மற்றவர்களுக்கு வேண்டாம் என்பதற்காகவே, எந்த வரிசையில் யோசித்தால் எளிதாக இருக்குமோ அந்த வரிசையில் இதை எழுதுகிறேன்.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். போவதா வேண்டாமா என்பதை மே மாதத்தில் அனுமதிக் கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு முடிவு செய்யக் கூடாது. அதற்கு முந்தைய அக்டோபரிலேயே, பிள்ளையின் மனம் இயற்பியலில் எவ்வளவு நேரம் தரித்து நிற்கிறது என்பதைப் பார்த்து முடிவு செய்ய வேண்டும். பல்கலைக்கழகத்தின் பெயரையோ கட்டணத்தின் அளவையோ வைத்து முகாமின் தரத்தை எடைபோட முடியாது. இந்தத் துறையில் மிகவும் மதிக்கப்படும் முகாம்கள் பெரும்பாலும் இலவசமானவை, அல்லது வருமானத்துக்கு ஏற்பக் கட்டணம் வாங்குபவை.

1. எந்த வகை முகாம் என்று பிரித்துப் பாருங்கள்

"சம்மர் பிசிக்ஸ் புரோகிராம்" என்ற ஒரே பெயரில் நான்கு வெவ்வேறு விஷயங்கள் புழங்குகின்றன. இவற்றைப் பிரித்துக்கொள்ளாமல் பட்டியல் போட்டால் குழப்பமே மிஞ்சும்.

முதல் வகை, ஆய்வு முகாம். மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகமான எம்.ஐ.டி.யின் வளாகத்தில் ஆறு வாரம் நடக்கும் ஆர்.எஸ்.ஐ. (ரிசர்ச் சயின்ஸ் இன்ஸ்டிட்யூட்) இதில் மிகவும் பெயர் பெற்றது. பதினோராம் வகுப்பை முடிக்கும் மாணவர்களில் ஏறத்தாழ நூறு பேரை மட்டுமே எடுக்கிறார்கள். கல்வி, தங்குமிடம், உணவு எதற்கும் கட்டணம் கிடையாது. போக்குவரத்துச் செலவு மட்டும் நம்முடையது. முதல் வாரம் வகுப்புகள் நடக்கும். அதன்பின் ஐந்து வாரம் ஒரு வழிகாட்டியின் கீழ் ஆய்வு செய்து, இறுதியில் கட்டுரை எழுதி மேடையில் விளக்க வேண்டும். 1959 முதல் நடந்துவரும் சம்மர் சயின்ஸ் புரோகிராமின் வானியற்பியல் பிரிவும் இந்த வகையைச் சேர்ந்தது. அங்கே மூன்று மூன்று பேராகக் குழு பிரித்து, பூமிக்கு அருகே வரும் ஒரு குறுங்கோளின் பாதையைக் கணக்கிட வைக்கிறார்கள். மாணவர்களே இரவில் தொலைநோக்கியை இயக்கிச் சில நிமிட இடைவெளியில் படங்கள் எடுப்பார்கள்; அடுத்தடுத்த படங்களில் எல்லா விண்மீன்களும் அசையாமல் நிற்க, ஒரே ஒரு மங்கலான புள்ளி மட்டும் இடம் மாறியிருக்கும். அந்தப் புள்ளியின் இருப்பிடத்தைச் சுற்றியுள்ள விண்மீன்களை வைத்து அளந்து, தாங்களே எழுதிய கணினி நிரலில் அந்த எண்களைக் கொடுத்துப் பாதையைக் கண்டுபிடிக்க வேண்டும். பகலில் வகுப்பு, மாலையில் கணக்கு, முறை வரும் நாளில் நள்ளிரவு தாண்டியும் தொலைநோக்கி என்று வாரக்கணக்கில் போகும்.

இரண்டாவது வகை, ஆய்வகப் பயிற்சி. லாங் ஐலண்டில் உள்ள புரூக்ஹேவன் தேசிய ஆய்வகம், சிகாகோவுக்கு அருகே பட்டேவியாவில் உள்ள ஃபெர்மிலேப் போன்ற இடங்கள் உயர்நிலைப் பள்ளி மாணவர்களை ஆறு வார அளவுக்குச் சேர்த்துக்கொள்கின்றன. இங்கே பொதுவாக விடுதி இருக்காது. தினமும் வீட்டிலிருந்து போய்வர வேண்டும். ஆகவே பக்கத்து ஊர்க்காரர்களுக்கே இது பொருந்தும். குறைந்தபட்ச வயது வரம்பு இருப்பதால் பிறந்த தேதியை முதலில் ஒப்பிட்டுப் பாருங்கள்.

மூன்றாவது, ஒலிம்பியாட் எனப்படும் சர்வதேசப் பள்ளி மாணவர் இயற்பியல் போட்டிக்கு அமெரிக்க அணியைத் தயார்படுத்தும் பயிற்சி முகாம். இதற்கு விண்ணப்பம் கிடையாது. பிப்ரவரியில் நடக்கும் எஃப்=எம்ஏ என்ற தேர்வை எழுதி, அதில் தேறும் ஏறத்தாழ நானூறு பேரில் ஒருவராக ஏப்ரலில் அடுத்த தேர்வையும் எழுதி, கடைசியில் தேர்வாகும் இருபது பேரில் இடம்பிடிக்க வேண்டும். முகாம் அந்த இருபது பேருக்கு மட்டுமே.

நான்காவது, பல்கலைக்கழகங்கள் கோடையில் நடத்தும் கட்டண வகுப்புகள். உங்கள் தபால் பெட்டிக்கு வரும் வண்ண அட்டைகளில் பெரும்பாலானவை இந்த வகைதான். இவற்றில் நல்ல ஆசிரியர்கள் பாடம் எடுப்பதும் உண்டு. அதை நான் மறுக்கவில்லை. ஆனால் கட்டணம் கட்ட முடிந்தவர்களில் பெரும்பாலோருக்கு இடம் கிடைத்துவிடும் என்பதால், இதில் சேர்ந்தது பிற்பாடு கல்லூரிச் சேர்க்கைக்குக் கைகொடுக்கும் என்று நம்பிப் பணம் கட்டாதீர்கள். அந்த வளாகத்தில் கோடை வகுப்பில் சேர்வதால் அதே பல்கலைக்கழகத்தில் இடம் கிடைத்துவிடாது என்று பல பல்கலைக்கழகங்கள் வெளிப்படையாகவே சொல்கின்றன.

இந்த நான்கிலும் அடங்காத சிறு முகாம்களும் உண்டு. மிச்சிகன் ஸ்டேட் பல்கலைக்கழகத்தில் அணுக்கரு இயற்பியலுக்காக ஒரு வாரம் நடக்கும் பான் முகாம் அப்படிப்பட்டது, இலவசமானது. ஆறு வாரம் வீட்டைப் பிரிந்திருக்கத் தயங்கும் பிள்ளைக்கு இத்தகைய ஒரு வாரம் நல்ல தொடக்கம்.

2. பிள்ளைக்கு இது வேண்டுமா என்று வீட்டிலேயே பாருங்கள்

எல்லாப் படிகளிலும் இதுதான் முக்கியமானது. பெரும்பாலான வீடுகளில் தவிர்க்கப்படுவதும் இதுதான். மதிப்பெண் நன்றாக இருக்கிறது என்பதை ஆர்வத்துக்கு ஆதாரமாக எடுத்துக்கொள்கிறோம். பாடத்தில் ஏ வாங்கும் பிள்ளை, விடை தெரியாத ஒரே கணக்கோடு மூன்று நாள் உட்கார்ந்திருக்கும் என்று சொல்ல முடியாது. முகாமில் நடப்பதோ பெரும்பாலும் அப்படி உட்கார்ந்திருப்பதுதான்.

ஒரு சனி, ஞாயிறு ஒதுக்கி இரண்டு வேலைகளைக் கொடுத்துப் பாருங்கள். முதலாவது, எஃப்=எம்ஏ தேர்வின் பழைய வினாத்தாள் ஒன்று. அமெரிக்க இயற்பியல் ஆசிரியர் சங்கத்தின் இணையதளத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. 75 நிமிடத்தில் 25 வினாக்கள், எல்லாமே இயக்கவியல். எத்தனை சரி என்பதைப் பெரிதுபடுத்த வேண்டாம். முதல் முயற்சியில் பாதிக்கும் குறைவாக எடுப்பது சாதாரணம். நேரம் முடிந்த பிறகு தவறிப்போன வினாக்களுக்குப் பிள்ளை தானாகத் திரும்பிப் போகிறதா என்று மட்டும் கவனியுங்கள்.

இரண்டாவது வேலைக்கு ஒரு நூலும் ஹார்டுவேர் கடையில் வாங்கிய ஒரு கனமான நட்டும் போதும். நூலில் நட்டைக் கட்டி, ஏறத்தாழ ஒரு மீட்டர் நீள ஊசலாகக் கதவு நிலையில் தொங்கவிட்டு, இருபது முழு அலைவுகளுக்கு ஆகும் நேரத்தைக் கைபேசியில் அளக்கச் சொல்லுங்கள். நாற்பது விநாடிக்குக் கிட்டத்தட்ட வரும். அதிலிருந்து புவியீர்ப்பு முடுக்கத்தைக் கணக்கிட வேண்டும், பாடப்புத்தகத்தில் 9.8 என்று இருக்கும். பிள்ளைக்கு 9.7 வந்தால், அங்கேதான் உங்கள் கேள்விக்கு விடை இருக்கிறது. சில பிள்ளைகள் "கிட்டத்தட்ட வந்துவிட்டது" என்று எழுந்துவிடும். சில பிள்ளைகள் மறுபடியும் அளவுநாடாவை எடுத்து, நீளத்தை முடிச்சு வரை அளந்தோமா, நட்டின் நடுப்பகுதி வரை அளந்தோமா என்று பார்க்கும். ஒரு மீட்டர் ஊசலில் ஒரு சென்டிமீட்டர் விட்டுப்போனால் விடையில் ஒரு சதவீதம் குறையும், 9.8 என்பது 9.7 ஆகிவிடும். இன்னும் சில பிள்ளைகள், நட்டை மிக அகலமாக இழுத்துவிட்டதால் அலைவு நேரம் கூடியதா என்று கேட்கும். அந்தக் கேள்வியைக் கேட்கும் பிள்ளைக்கு ஆய்வு முகாமில் ஆறு வாரமும் போதாது.

எழுந்துவிடும் பிள்ளைக்கு இயற்பியல் வராது என்று இதற்குப் பொருள் கொள்ள வேண்டாம். அந்தக் கோடையில் வேறு ஏதாவது செய்யலாம் என்பதே பொருள். உங்கள் விருப்பத்தை அந்த நேரத்தில் வெளிக்காட்டாமல் இருங்கள். எங்கள் மகள் ஒருநாள், "நான் போகலன்னா உங்களுக்கு வருத்தமாம்மா?" என்று கேட்டாள். பிள்ளை அப்படிக் கேட்டால், பட்டியலைக் கொஞ்ச நாள் மூடிவைத்துவிட்டு முதலில் அதைப் பற்றிப் பேசுங்கள்.

3. பாடத்தகுதியை அந்த ஆண்டுத் தேதியோடு சேர்த்துப் பாருங்கள்

ஆய்வு முகாம்கள், பிள்ளை அதுவரை எந்தக் கணிதமும் எந்த இயற்பியலும் படித்திருக்கிறது என்று கேட்கும். இங்கே ஏபி எனப்படும் கல்லூரித் தரப் பள்ளிப் பாடங்களில் இயற்பியல் 1, 2 ஆகியவை இயற்கணிதத்தை மட்டும் கொண்டு நடத்தப்படுபவை. ஏபி இயற்பியல் சி நுண்கணிதத்தோடு நடத்தப்படுவது. குறுங்கோள் பாதைக் கணக்குக்கு நுண்கணிதம் அன்றாடக் கருவி. பல பள்ளிகளில் பதினோராம் வகுப்பில்தான் இயற்பியலே தொடங்குகிறது. ஆகவே பத்தாம் வகுப்புப் பிள்ளைக்கு அவசரப்பட்டு விண்ணப்பிப்பதைவிட, கணிதப் பாடத்தை ஒரு படி முன்னே நகர்த்த முடியுமா என்று பள்ளிக் கவுன்சலரிடம் கேட்பது அதிகம் பயன்படும்.

தமிழ்நாட்டுப் பாடத்திட்டத்திலோ சிபிஎஸ்இயிலோ படித்து வந்த பிள்ளைகளுக்கு ஒரு தனிச் சிக்கல் இருக்கிறது. அமெரிக்காவில் ஒன்பதாம் வகுப்பிலிருந்தே மதிப்பெண் கணக்கில் சேரும். ஊரில் படித்த ஒன்பதாம், பத்தாம் வகுப்பு மதிப்பெண்களைப் பள்ளி எப்படிப் பதிவு செய்திருக்கிறது என்பதை, டிரான்ஸ்கிரிப்ட் எனப்படும் மதிப்பெண் பதிவின் நகலை வாங்கி நீங்களே பாருங்கள். சில பள்ளிகள் தேர்ச்சி என்று மட்டும் போட்டுவிடும். படித்த இயற்பியல் அதில் தெரியாமலே போய்விடும். பழைய பள்ளியின் முத்திரையிட்ட மதிப்பெண் சான்றுகளைக் கொடுத்துத் திருத்தக் கேட்கலாம். இதற்கு வாரங்கள் ஆகும் என்பதால் செப்டம்பரிலேயே தொடங்குங்கள்.

4. விசா நிலையைப் பட்டியல் போடும்போதே சரிபாருங்கள்

பிள்ளை எச்-4 அல்லது அதைப் போன்ற எல்-2 விசாவில் இருந்தால் பள்ளிப் படிப்புக்கோ கோடை வகுப்புக்கோ தனி விசா வேண்டியதில்லை. ஆனால் எல்லா முகாமும் எல்லாருக்கும் திறந்திருப்பதில்லை.

ஆர்.எஸ்.ஐ.யும் சம்மர் சயின்ஸ் புரோகிராமும் வெளிநாட்டு மாணவர்களையும் எடுக்கின்றன. அமெரிக்க இயற்பியல் அணிக்கும் அதன் பயிற்சி முகாமுக்கும் குடியுரிமையோ கிரீன் கார்டோ வேண்டும். தேசிய ஆய்வகங்களில் நுழைவதற்கே அடையாளச் சரிபார்ப்பு உண்டு. பல பயிற்சிகள் குடிமக்களுக்கும் கிரீன் கார்டு உள்ளவர்களுக்கும் மட்டுமே. தகுதிப் பகுதியில் இருக்கும் அந்த ஒரு வரியைப் படிக்காமல் கட்டுரை எழுத உட்கார்ந்தால் பிள்ளையின் பல வார உழைப்பு வீணாகும்.

உதவித்தொகை தரும் பயிற்சிகளில் கூடுதல் கவனம் வேண்டும். எச்-4 பிள்ளைகளுக்கு வேலை செய்ய அனுமதி இல்லை. முகாம் தரும் பணம் சம்பளமாகக் கருதப்பட்டால் குடியேற்றப் பிரச்சினையாகிவிடும். "பணம் வேண்டாம், கற்றுக்கொள்ள மட்டும் வரலாமா?" என்று முகாமிடம் எழுத்து வடிவில் கேளுங்கள், வந்த பதிலை உங்கள் நிறுவனத்தின் குடியேற்ற வழக்கறிஞரிடம் காட்டிவிட்டு முடிவு செய்யுங்கள். தெரிந்தவர் சொன்னார் என்று இதில் இறங்க வேண்டாம்.

இன்னொரு பொறி யாரும் எதிர்பாராத இடத்தில் இருக்கிறது. இந்தியாவில் சிறுவர்களுக்குக் கொடுக்கும் பாஸ்போர்ட் பெரும்பாலும் ஐந்து ஆண்டுக்குத்தான் செல்லும். அமெரிக்காவுக்குள் நுழையும்போது, பாஸ்போர்ட் முடியும் தேதியோடு பிள்ளையின் ஐ-94 தேதியையும், அதாவது இங்கே தங்க அனுமதிக்கும் கடைசி நாளையும், நிறுத்திவிடுவது உண்டு. பெற்றோருக்கு மூன்றாண்டு இருக்கும், பிள்ளைக்கு ஒன்றரை ஆண்டுதான் இருக்கும். ஐ-94 பதிவை இணையத்தில் எடுத்து அந்தத் தேதியைப் பாருங்கள். அது கோடையின் நடுவே முடிந்தால், முகாமை எண்ணும் முன் அதைச் சரிசெய்ய வேண்டும். கோடையில் ஊருக்குப் போய்ச் சென்னையில் விசா முத்திரை வாங்கும் எண்ணமிருந்தால், அந்தப் பயணமும் ஆறு வார முகாமும் ஒரே விடுமுறைக்குள் அடங்குவது கடினம். தாத்தா பாட்டியைப் பார்க்கும் பயணத்தை விட்டுக்கொடுப்பதும் ஒரு விலைதான். அதையும் கணக்கில் சேர்த்தே முடிவெடுங்கள்.

5. செலவை முழுமையாக எழுதிப் பாருங்கள்

கட்டண முகாம்களில் இரண்டு, மூன்று வாரம் விடுதியில் தங்கிப் படிக்க 5,000 டாலரைத் தாண்டுவது சாதாரணம். சம்மர் சயின்ஸ் புரோகிராமில் குடும்ப வருமானத்துக்கு ஏற்பக் கட்டணம் முடிவாகிறது; குறைந்த வருமானக் குடும்பங்கள் எதுவும் கட்ட வேண்டியதில்லை. ஐ.டி. வேலையில் இருவரும் சம்பாதிக்கும் வீடு என்றால் முழுக் கட்டணம் வரலாம் என்று வைத்துக்கொண்டு, விண்ணப்பிக்கும் முன்பே அவர்களின் கட்டண அட்டவணையைப் பாருங்கள்.

கட்டணத்துக்கு வெளியே வருபவை: விண்ணப்பக் கட்டணம், திரும்பக் கிடைக்காத டெபாசிட், விமான டிக்கெட், வளாகத்துக்குக் கொண்டுவிடப் பெற்றோர் ஒருவர் கூடப் போனால் அவருடைய டிக்கெட்டும் ஓட்டல் அறையும், படுக்கை விரிப்புகள், தேவையான திறனுள்ள மடிக்கணினி, கைச்செலவு. பல விமான நிறுவனங்களில் பதினைந்து வயதான பிள்ளை தனியாகப் போகலாம். அதற்குக் குறைந்த வயதில் துணைக்கட்டணம் கேட்பார்கள்.

அலுவலகத்தில் பிள்ளைப் பராமரிப்புக்காக வரிவிலக்குக் கணக்கில் பணம் ஒதுக்கியிருப்பவர்கள் அதை முகாமுக்குப் பயன்படுத்தலாம் என்று எண்ணுவது உண்டு. அந்தச் சலுகை பதின்மூன்று வயதுக்குக் கீழ்ப்பட்ட பிள்ளைகளுக்கு மட்டுமே. இரவு தங்கும் முகாமுக்கு எந்த வயதிலும் கிடையாது.

6. ஆவணங்கள்

முதலில் பரிந்துரைக் கடிதங்கள். பெரும்பாலும் இரண்டு கேட்பார்கள்: ஒன்று கணித ஆசிரியரிடம், மற்றொன்று அறிவியல் ஆசிரியரிடம். புதிதாகப் பள்ளியில் சேர்ந்த பிள்ளையை ஆசிரியருக்கு அக்டோபரில் ஒன்றிரண்டு மாதமாகத்தான் தெரியும். ஆகவே, பிள்ளை எந்தப் பாடத்தில் எந்தக் கேள்வி கேட்டது, எந்தச் சோதனையை எப்படிச் செய்தது, ஏன் இந்த முகாம் என்பதையெல்லாம் ஒரே பக்கத்தில் எழுதி ஆசிரியரிடம் கொடுக்கட்டும். கடிதத்தைப் பிள்ளையே நேரில் கேட்க வேண்டும். பெற்றோர் மின்னஞ்சல் அனுப்பிக் கேட்பது இங்கே பழக்கமில்லை. குறைந்தது நான்கு வார அவகாசம் கொடுப்பது மரியாதை.

அடுத்தது டிரான்ஸ்கிரிப்ட். இதைக் கவுன்சலர் அலுவலகம்தான் அனுப்பும். நீங்கள் எடுத்து அனுப்பினால் பல முகாம்கள் ஏற்காது. நவம்பர் நான்காம் வியாழன் நன்றிநாள் விடுமுறை, டிசம்பர் கடைசியில் குளிர்கால விடுமுறை. அந்த நாள்களில் அலுவலகத்தில் யாரும் இருக்கமாட்டார்கள். பன்னிரண்டாம் வகுப்பு மாணவர்களின் கல்லூரி விண்ணப்பங்களும் அதே மாதங்களில் அதே அலுவலகத்தில் குவிந்திருக்கும். கோரிக்கையைக் கொடுத்துவிட்டு, ஒரு வாரம் கழித்துப் "போய்ச் சேர்ந்ததா?" என்று பிள்ளை நேரில் விசாரிப்பது நல்லது. எங்களுக்கு அப்படி விசாரித்த பிறகே அது அனுப்பப்பட்டது.

கல்லூரிச் சேர்க்கைத் தேர்வான எஸ்ஏடி அல்லது அதன் முன்னோட்டத் தேர்வான பிஎஸ்ஏடி மதிப்பெண் சில முகாம்களுக்கு வேண்டும். கட்டணச் சலுகை கேட்டால் 1040 வரிப் படிவமும், நிறுவனம் தரும் டபிள்யூ-2 என்ற ஆண்டுச் சம்பளச் சான்றும் கேட்பார்கள். புதிதாக வந்து இன்னும் இங்கே வரி தாக்கல் செய்யாதவர்கள், நிறுவனத்திடம் சம்பளக் கடிதம் வாங்கி வைத்துக்கொள்ளலாம். விண்ணப்பத்தில் சமூகப் பாதுகாப்பு எண் கேட்கும் இடத்தில், எச்-4 பிள்ளைக்கு அந்த எண் இருக்காது. வாய்க்கு வந்த எண்ணையோ உங்கள் எண்ணையோ போடாமல், என்ன எழுதுவது என்று முகாம் அலுவலகத்திடம் கேளுங்கள்.

கட்டுரைகளைப் பற்றி ஒன்றே ஒன்று. ஊசலில் 9.7 வந்ததையும் அதைத் துரத்திப் போனதையும் எழுதும் பிள்ளையின் கட்டுரை, "சிறுவயது முதலே எனக்கு விண்வெளி மீது ஆசை" என்று தொடங்கும் கட்டுரையைவிட நன்றாக இருக்கும். பெற்றோர் எழுத்துப்பிழை பார்க்கலாம். எழுதித் தரக் கூடாது.

7. நாட்காட்டி

செப்டம்பர், அக்டோபரில் வீட்டுச் சோதனை, விசாச் சரிபார்ப்பு, மூன்று அல்லது நான்கு முகாம்களை மட்டும் கொண்ட பட்டியல். எஃப்=எம்ஏ எழுத எண்ணினால், பதிவுக்குக் கடைசித் தேதி குளிர்காலத்திலேயே முடிந்துவிடும் என்பதால் இயற்பியல் ஆசிரியரிடம் இலையுதிர் காலத்திலேயே கேட்க வேண்டும். அக்டோபர் இறுதியில் பரிந்துரை கேட்பது. ஆர்.எஸ்.ஐ. டிசம்பர் நடுவில் முடிந்துவிடும்; மற்ற பெரும்பாலானவை ஜனவரி முதல் மார்ச் வரை. முடிவுகள் மார்ச் கடைசியிலிருந்து மே வரை வரும். மே முதல் இரண்டு வாரம் ஏபி தேர்வுகள் நடப்பதால், அப்போது முகாம் வேலை எதையும் பிள்ளையின் தலையில் வைக்காதீர்கள்.

பள்ளி முடியும் நாளை மறக்க வேண்டாம். டெக்சாஸ், ஜார்ஜியா போன்ற மாநிலங்களில் மே இறுதியிலேயே பள்ளி முடிந்துவிடும். நியூஜெர்சியிலும் நியூயார்க்கிலும் ஜூன் மூன்றாம், நான்காம் வாரம் வரை போகும். நியூயார்க்கின் ரீஜென்ட்ஸ் தேர்வுகளும் ஜூனில்தான். சில முகாம்கள் ஜூன் நடுவிலேயே தொடங்கிவிடும். தேர்வை முன்கூட்டி எழுத அனுமதி கிடைக்குமா என்று பள்ளியிடம் விண்ணப்பிக்கும் முன்பே கேட்டு, பதிலை மின்னஞ்சலில் வாங்கிவிடுங்கள்.

8. "நீங்கள் தேர்ந்தெடுக்கப்பட்டுள்ளீர்கள்" என்று வரும் கடிதங்கள்

பிஎஸ்ஏடி எழுதும்போது மாணவர்களின் விவரங்களைக் கல்வி நிறுவனங்களோடு பகிர்ந்துகொள்ள ஒப்புதல் கேட்பார்கள். அதற்குச் சரி என்று சொன்ன பிறகு தங்க முத்திரையும் கெட்டித் தாளுமாகக் கடிதங்கள் வரத் தொடங்கும். விண்ணப்பிக்காமலே "பரிந்துரைக்கப்பட்டீர்கள்" என்று பாராட்டி, இரண்டு வாரத்துக்குள் பணம் கட்டச் சொல்லும். ஊரில் சான்றிதழுக்கு நாம் கொடுக்கும் மதிப்பு இந்தக் கடிதங்களுக்கு நன்றாகவே உதவுகிறது. பார்த்து முடிவு செய்ய மூன்று கேள்விகள் போதும்: பிள்ளையின் வேலையை யாராவது படித்துப் பார்த்தார்களா? பாடம் நடத்துபவர் யார், எந்தத் துறையில் இருக்கிறார்? வளாகத்தை வாடகைக்கு எடுத்து வேறொரு நிறுவனம் நடத்துகிறதா, பல்கலைக்கழகத்தின் இயற்பியல் துறையே நடத்துகிறதா?

9. இரண்டு தேதிகள் மோதும்போது

நாங்கள் அதிகம் திண்டாடியது இங்கேதான். இரண்டாம் விருப்பமான முகாமிலிருந்து அனுமதி வரும். பத்து நாளில் டெபாசிட் கட்டச் சொல்லும். முதல் விருப்பத்தின் முடிவு வர இன்னும் மூன்று வாரம் இருக்கும். டெபாசிட் கட்டிவிட்டு முதல் முகாம் கிடைத்தால் பணம் போகும். கட்டாமல் விட்டு அதுவும் கிடைக்காவிட்டால் இரண்டும் போகும்.

முதலில் அவகாசம் கேளுங்கள். பிள்ளையே சுருக்கமாக, பணிவாக, வேறொரு முடிவு எந்தத் தேதியில் வரும் என்று குறிப்பிட்டு மின்னஞ்சல் எழுதட்டும். சில முகாம்கள் ஒரு வாரம் கொடுக்கும். கொடுக்காவிட்டால், டெபாசிட் தொகையைப் போனாலும் பரவாயில்லை என்று விடக்கூடியதா எனப் பாருங்கள். சில நூறு டாலர் என்றால் கட்டிவைக்கலாம். முழுக் கட்டணத்தின் பெரும்பகுதி என்றால் கட்டக் கூடாது என்பது என் எண்ணம். எந்தத் தேதிக்குள் விலகினால் எவ்வளவு திரும்பக் கிடைக்கும் என்ற விதியைக் கட்டும் முன்பே படித்து, படி எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். முதல் விருப்பம் பின்னால் கிடைத்துவிட்டால், மற்றதிலிருந்து அன்றே விலகிக் கடிதம் எழுத வேண்டும். காத்திருப்புப் பட்டியலில் இன்னொரு பிள்ளை அந்த இடத்துக்காக நிற்கிறது.

10. வேண்டாம் என்று முடிவானால்

இடம் கிடைக்காவிட்டாலும், நீங்களே வேண்டாம் என்று முடிவு செய்தாலும், இயற்பியலுக்கு அந்தக் கோடையில் வேறு வழிகள் உண்டு. எம்.ஐ.டி.யின் முதலாண்டு இயக்கவியல் பாடம் வினாத்தாள்களோடு இணையத்தில் இலவசமாக இருக்கிறது. பக்கத்துச் சமுதாயக் கல்லூரியில் கோடைப் பருவத்தில் இயற்பியல் படித்தால் கல்லூரிக் கிரெடிட்டும் கிடைக்கும். சேரும் முன் கணிதத் தகுதியைக் கேட்பார்கள். பள்ளி நண்பர்களோடு குழு சேர்த்து, ஐ.ஏ.எஸ்.சி. என்ற அமைப்பு நடத்தும் குறுங்கோள் தேடலில் இலவசமாகப் பங்கேற்கலாம். உண்மையான தொலைநோக்கிப் படங்களில், மேலே சொன்ன அதே நகரும் புள்ளியை வீட்டுக் கணினியிலேயே தேடலாம்.

பதினோராம் வகுப்பு முடித்த பிள்ளைக்கு ஆகஸ்டு முதல் தேதி கல்லூரிப் பொது விண்ணப்பம் திறக்கிறது. அதற்கான கட்டுரைகளுக்கும் ஓய்வுக்கும் நேரம் வேண்டும் என்பதும் முகாமை மறுக்கப் போதுமான காரணம்.

11. போகலாம் என்று முடிவானால்

ஒப்புதல் கொடுத்த கையோடு மருத்துவரிடம் நாள் குறியுங்கள். முகாமின் உடல்நலப் படிவத்தில், கடந்த பன்னிரண்டு மாதத்துக்குள் பரிசோதித்த மருத்துவரின் கையெழுத்தைக் கேட்பது வழக்கம். ஜூனில் அந்த நாள் கிடைப்பது கடினம். தடுப்பூசிப் பதிவில் மெனிஞ்சைட்டிஸ் ஊசியின் இரண்டாம் தவணையைப் பாருங்கள். அது பதினாறு வயதில் போட வேண்டியது. விடுதியில் தங்குவோரிடம் பல இடங்களில் கேட்பார்கள். ஊரில் போட்ட ஊசிகளின் அட்டையை முன்கூட்டியே மருத்துவரிடம் கொடுத்து இங்குள்ள பதிவில் ஏற்றிவிடுங்கள்.

காப்பீட்டு அட்டையின் இரு பக்கப் படியும், மாத்திரைகளுக்கான அனுமதிப் படிவமும் வேண்டும். மாத்திரைகள் மருந்துக்கடை கொடுத்த அசல் டப்பாவிலேயே இருக்க வேண்டும். உங்கள் காப்பீடு அந்த மாநிலத்தில் செல்லுமா என்று அட்டையின் பின்புறம் உள்ள எண்ணுக்குக் கூப்பிட்டுக் கேளுங்கள். சைவ உணவு மட்டும் சாப்பிடும் பிள்ளை என்றால் படிவத்தில் எழுதியதோடு நில்லாமல், முட்டையும் மீனும் கூடாது என்பதைத் தெளிவாகத் தனியே தெரிவியுங்கள். சைவம் என்றால் மீன் சேரும் என்று நினைக்கும் சமையற்கூடங்கள் இருக்கின்றன. விடுதிக் கட்டில்கள் பெரும்பாலும் நீளமான ட்வின் எக்ஸ்எல் அளவில் இருக்கும்; வீட்டில் இருக்கும் சாதாரண விரிப்பு அதில் பொருந்தாது.